இரண்டு நிமிட ஓட்டத்தின் விலை



அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் என்றொரு நகரம் இருக்கிறது. அங்குள்ள சர்ச்சில் டவுன்ஸ் திடலில் 1875-ஆம் ஆண்டு முதல் ஆண்டு தவறாமல் ஒரு குதிரைப் பந்தயம் நடந்து வருகிறது. 'கென்டக்கி டெர்பி' என்பது அதன் பெயர். மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே அதில் ஓடலாம். தூரம் ஒன்றேகால் மைல், அதாவது 2,012 மீட்டர். 1973-ஆம் ஆண்டில் செக்ரடேரியட் என்ற குதிரை இத்தூரத்தை 1 நிமிடம் 59.4 விநாடியில் கடந்தது. அரை நூற்றாண்டு ஆன பின்னும் அந்த நேரத்தை எந்தக் குதிரையும் முறியடிக்கவில்லை.

குதிரைப் பந்தயம் என்றதும் பலருக்கும் பணம் கட்டுவதுதான் நினைவுக்கு வரும். அந்தச் சூதாட்டத்தைப் பற்றியது அல்ல இக்கட்டுரை. இரண்டே நிமிட ஓட்டத்துக்காக ஒரு குதிரையை ஏறத்தாழ ஈராண்டுக் காலம் பழக்குகிறார்களே, அது ஏன்? நாள்தோறும் அந்த லாயத்தில் என்ன வேலை நடக்கிறது? அதற்கு என்ன செலவாகிறது? இக்கேள்விகளுக்கு விடை தேடுவோம். விடையின் பெரும்பகுதி நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியலிலேயே இருக்கிறது.

ஒற்றை விரலில் ஓட்டம்

பந்தயக் குதிரையின் நிறை ஏறத்தாழ 500 கிலோகிராம். அது விநாடிக்கு 17 மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான வேகம் இது. நிறையையும் வேகத்தின் இருமடியையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் இயக்க ஆற்றல் கிடைக்கும் அல்லவா? 500 × 17 × 17 ÷ 2 = 72,250 ஜூல். 50 கிலோகிராம் நிறையுள்ள ஒரு மாணவனைத் தரையிலிருந்து 147 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்குத் தேவையான ஆற்றல் இது!

இவ்வளவு ஆற்றலோடு பாயும் உடலைத் தாங்குபவை எவை? குதிரையின் முன்காலில் 'முழங்கால்' என்று நாம் சொல்வது உண்மையில் முழங்கால் அன்று. நம் உடலோடு ஒப்பிட்டால் அது மணிக்கட்டு. அதற்குக் கீழே உள்ள நீண்ட எலும்பு, நம் உள்ளங்கையில் நடுவிரலைத் தாங்கும் சிறு எலும்புக்கு நிகரானது. குளம்பு என்பது நடுவிரலின் நகம். ஆகவே குதிரை ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரலின் நுனியில்தான் நிற்கிறது, ஓடுகிறது. அந்த நீண்ட எலும்பைக் கீழ்க்கால் எலும்பு என்று அழைப்போம். தோலையும் தசைநாண்களையும் சேர்த்து அளந்தாலும் அந்த இடத்தின் சுற்றளவு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர்தான்.

அதன் மேல் எவ்வளவு விசை விழுகிறது என்று கணக்கிடலாம். குதிரை சும்மா நிற்கும்போது நான்கு கால்களும் எடையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு காலுக்குச் சராசரியாக எடையில் கால் பங்கு. ஆனால் நாலுகால் பாய்ச்சலில் ஒவ்வொரு காலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நேரமே தரையில் ஊன்றியிருக்கிறது. மீதி நேரம் அது காற்றில் இருக்கிறது. முழு நேரத்துக்கும் சுமக்க வேண்டியதை ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் சுமந்து தீர வேண்டும். எனவே கால் பங்கை ஐந்தால் பெருக்குங்கள். ஒன்றேகால் மடங்கு எடை வருகிறது. இது சராசரி. கால் ஊன்றியிருக்கும் நேரத்தின் நடுவில் விசை இதைப் போல ஏறத்தாழ இரட்டிப்பாகி, எடையைப் போல இரண்டரை மடங்கை எட்டுகிறது. அதாவது சுமார் 12,000 நியூட்டன். ஒரு சிறிய காரின் எடையை அந்த ஒற்றை விரல் தாங்குகிறது!

குதிரையின் ஒரு பாய்ச்சலில் ஏறத்தாழ ஏழு மீட்டர் கடக்கும். டெர்பி தூரத்தை ஓடி முடிப்பதற்குள் ஒவ்வொரு காலும் இந்த அடியை 280 தடவைக்கு மேல் வாங்குகிறது. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லாயத்தில் நடக்கும் வேலை எல்லாமே இதைச் சுற்றித்தான் அமைந்துள்ளது.

விடியலுக்கு முன்னால்

பந்தயத் திடலின் பின்புறத்தில் வரிசை வரிசையாக லாயங்கள் உள்ளன. காலை நான்கு, நாலரை மணிக்கே அங்கே விளக்குகள் எரியத் தொடங்கிவிடும். முதலில் வருபவர் குதிரைக்காரர். ஒருவர் பொறுப்பில் நான்கைந்து குதிரைகள் இருக்கும். கென்டக்கியில் இவ்வேலை செய்வோரில் பலர் மெக்சிகோ, குவாத்தமாலா முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். திடலை ஒட்டிய விடுதிகளிலேயே தங்கியிருப்பவர்களும் உண்டு.

வந்தவுடன் அவர் தீனித் தொட்டியைப் பார்ப்பார். இரவு வைத்த தீனி மீந்திருந்தால் குதிரைக்கு ஏதோ சரியில்லை என்று பொருள். அடுத்து வெப்பமானி வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பார். பின்பு குனிந்து, நான்கு கால்களையும் மேலிருந்து கீழாகக் கையால் தடவிப் பார்ப்பார். முந்திய நாள் கால்களில் சுற்றிய துணிக்கட்டை அவிழ்த்த இடத்தில் எங்காவது சூடு தெரிகிறதா, வீக்கம் தெரிகிறதா, அழுத்தினால் குதிரை காலை இழுத்துக்கொள்கிறதா என்று தேடுவார். காயம்பட்ட இடத்துக்கு இரத்தம் மிகுதியாகப் பாய்வதால் அங்கே சூடு ஏறும். ஒரு காலின் சூட்டை மற்றொரு காலின் சூட்டோடு ஒப்பிடுவதால், சிறு வேறுபாட்டையும் பழகிய கை கண்டுகொள்கிறது. ஏதேனும் தட்டுப்பட்டால் பயிற்சியாளரிடம் சொல்வார். அன்று அந்தக் குதிரை ஓடாது.

இதற்குப் பிறகு லத்தியையும் நனைந்த வைக்கோலையும் அள்ளிப் புது வைக்கோல் பரப்புவது, குளம்புகளின் அடியில் ஒட்டிய மண்ணைக் கொக்கியால் நீக்குவது, உடம்பைத் தேய்த்துவிடுவது, சேணமும் கடிவாளமும் பூட்டுவது என வேலைகள் தொடரும். பயிற்சிச் சவாரி செய்பவர் ஏறி அமர்ந்ததும் குதிரை திடலுக்குப் போகும்.

அங்கே அது நாள்தோறும் பந்தய வேகத்தில் ஓடுவதில்லை. பெரும்பாலான நாட்களில் ஒன்று முதல் இரண்டு மைல் வரை மிதமான வேகம்தான். விநாடிக்குப் பத்துப் பதினோரு மீட்டர். வாரத்துக்கு ஒரு முறை அளவில் மட்டும் நான்கைந்து பர்லாங் தூரம் வேகமாக ஓட்டுவார்கள். ஒரு பர்லாங் என்பது 201 மீட்டர். பந்தய வேகத்தில் ஒரு பர்லாங்குக்கு ஏறத்தாழ 12 விநாடி ஆகும். நேரம் குறிப்பவர்கள் இதற்கென்றே கையில் கடிகாரத்தோடு நிற்பார்கள். திடலில் குதிரை செலவிடும் நேரம் எல்லாம் சேர்த்து இருபது நிமிடம், அரைமணிக்கு மேல் போகாது. ஆனால் அதன் முன்னும் பின்னும் மனிதர்கள் பல மணி நேரம் உழைக்க வேண்டும்.

உடம்பு ஓர் உலை

ஓடி முடித்த குதிரையை உடனே லாயத்தில் கட்டிவிடக் கூடாது. முப்பது, நாற்பது நிமிடம் அதை மெதுவாக நடத்திச் செல்ல வேண்டும். இந்த வேலைக்கென்றே தனி ஆட்கள் உண்டு. ஏன் இந்த நடை?

பந்தயக் குதிரை முழு வேகத்தில் ஓடும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 75 லிட்டர் ஆக்சிஜனை உடலில் சேர்த்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் ஆக்சிஜனைக் கொண்டு உணவுப் பொருளை எரித்தால் ஏறத்தாழ 20 கிலோஜூல் ஆற்றல் கிடைக்கும். ஆகவே நிமிடத்துக்கு 1,500 கிலோஜூல், அதாவது 25 கிலோவாட். இதில் ஐந்தில் ஒரு பங்கே ஓட்டத்துக்குப் பயன்படுகிறது. மீதி 20 கிலோவாட்டும் வெப்பம்! நம் வீடுகளில் நீரைச் சுடவைக்கும் ஒரு கிலோவாட் மின்கம்பிகள் இருபதை ஒரே உடம்புக்குள் வைத்ததற்கு இது சமம்.

இரண்டு நிமிடத்தில் சேரும் வெப்பம் 2,400 கிலோஜூல். இது 500 கிலோகிராம் உடலின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியசுக்கு மேல் உயர்த்திவிடும். தசைகளுக்குள் இன்னும் அதிகமாக உயரும். இதை வெளியேற்றியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து எடுத்துச் செல்லும் வெப்பமும் ஏறத்தாழ 2,400 கிலோஜூல்தான். ஆனால் வழிந்து தரையில் சொட்டும் வியர்வையால் பயன் இல்லை, ஆவியானால்தான் குளிர்ச்சி. நடக்கும்போது தசைகள் இரத்தத்தைத் தொடர்ந்து தள்ளுவதால் உள்ளே தேங்கிய வெப்பம் தோலுக்கு வந்துசேர்கிறது. அதனால்தான் உடம்பைக் கழுவிவிட்டு, இடையிடையே சிறிது சிறிதாகத் தண்ணீர் காட்டி, சூடு ஆறும்வரை நடத்துகிறார்கள்.

அதன் பிறகுதான் தீனி. நம் ஊரில் குதிரைக்குக் கொள்ளு, அங்கே ஓட்ஸ். பயிற்சியில் உள்ள குதிரைக்கு நாள்தோறும் ஐந்தாறு கிலோகிராம் தானியமும் ஏறத்தாழ அதே அளவு உலர்ந்த புல்லும் வேண்டும். கிடைக்கும் ஆற்றல் 30,000 கிலோகலோரிக்கு மேல். பன்னிரண்டு மனிதர்களின் உணவுக்கு ஈடு. இவ்வளவு பெரிய விலங்குக்கு இரைப்பை மிகச் சிறியது. எனவே ஒரே வேளையில் கொட்டிவிட முடியாது. மூன்று நான்கு வேளையாகப் பிரித்து வைக்க வேண்டும். பிற்பகலில் மீண்டும் வந்து லாயத்தைச் சுத்தம் செய்து, கால்களுக்குக் கட்டுப் போட்டு, இரவுத் தீனி வைத்த பிறகே குதிரைக்காரரின் நாள் முடியும். ஞாயிறு, பண்டிகை என்று எதுவும் கிடையாது.

எலும்பு கற்கும் பாடம்

இத்தனை பாடும் தசைக்கு வலுவூட்டத்தான் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தசையும் இதயமும் விரைவில் பழகிவிடுகின்றன. நிற்கும்போது நிமிடத்துக்கு முப்பது, நாற்பது முறை துடிக்கும் குதிரையின் இதயம் ஓட்டத்தில் 220-க்கு மேல் துடிக்கும். மண்ணீரல் சுருங்கிச் சேமித்து வைத்த சிவப்பணுக்களை இரத்தத்தில் கலக்கும். சில வாரப் பயிற்சியிலேயே குதிரைக்கு நன்றாக மூச்சுப் பிடிக்கும், வேகமும் வந்துவிடும். ஆனால் எலும்புக்கு மாதக்கணக்கில் காலம் வேண்டும். இடர் இங்கேதான் தொடங்குகிறது.

வகுப்பில் நான் ஒரு கம்பியை எடுத்து முன்னும் பின்னும் வளைத்துக் காட்டுவது உண்டு. முதல் வளைவில் அது முறியாது. பத்து, இருபது முறை வளைத்தபின் திடீரென்று முறியும். உலோகக் களைப்பு என்று இதைச் சொல்கிறோம். எலும்பிலும் இப்படியே நடக்கிறது. ஒவ்வொரு அடியிலும் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் உண்டாகின்றன. ஆனால் எலும்பு கம்பியைப் போல உயிரற்றது அன்று. தன்னைத் தானே பழுது பார்த்துக்கொள்ளும். எந்தத் திசையில் சுமை விழுகிறதோ அந்தத் திசையில் தடித்துக்கொள்ளும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வொல்ஃப் 1892-ஆம் ஆண்டிலேயே இதை ஒரு விதியாக எழுதி வைத்தார்.

எலும்பில் இரு வகைச் செல்கள் வேலை செய்கின்றன. ஒரு வகை, பழுதான பகுதியை அரித்து எடுக்கும். மற்றொரு வகை, அந்தப் பள்ளத்தில் புது எலும்பை நிரப்பும். விரிசல் விட்ட சுவரைப் பூச வேண்டுமானால் முதலில் பழைய பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும் அல்லவா? கொத்தி முடித்துப் பூசி முடிப்பதற்குள் சுவர் முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். எலும்பும் அப்படியே. அரிக்கும் வேலை விரைவில் முடியும். நிரப்பும் வேலைக்குப் பல வாரம் ஆகும். அந்த இடைவெளியில் மூச்சும் வேகமும் நன்றாக இருக்கிறதே என்று குதிரையை விரட்டினால் எலும்பு தாங்காது.

அமெரிக்காவில் இரண்டு வயதுக் குதிரைகளில் பெரும்பான்மையானவற்றுக்குக் கீழ்க்கால் எலும்பின் முன்பக்கத்தில் வலியும் வீக்கமும் வருவது நெடுங்காலமாக அறிந்த செய்தி. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் கால்நடை மருத்துவ நிலையத்தில் டேவிட் நுனமேக்கர் என்ற ஆய்வாளரும் அவர் துணைவர்களும் இதன் காரணத்தை ஆராய்ந்தார்கள். எலும்பின் மீது திரிபு அளக்கும் கருவிகளை ஒட்டி, குதிரை ஓடும்போதே அளந்தார்கள். மெதுவாக ஓடும்போது எலும்பின் முன்பக்கத்தில் விசை விழும் திசை வேறு, பந்தய வேகத்தில் விழும் திசை வேறு என்று தெரிந்தது. நெடுந்தூரம் மெதுவாக ஓடிப் பழகிய குதிரையின் எலும்பு, மெதுவான ஓட்டத்துக்கு ஏற்றபடி தன்னை அமைத்துக்கொள்கிறது. பிறகு ஒரு நாள் திடீரென்று வேகமாக ஓடினால், படிக்காத பாடத்தில் தேர்வு எழுதிய மாணவன் நிலைதான்!

அதற்கு அவர்கள் கண்ட வழி எளியது. வேகமான ஓட்டத்தைத் தொடக்கத்திலிருந்தே மிகச் சிறு தூரங்களில் கொடுத்து, வாரங்கள் செல்லச் செல்லச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். எலும்புக்குப் பாடம் சரியான திசையில் கிடைக்கிறது. படிக்க நேரமும் கிடைக்கிறது.

பணத்தின் கணக்கு

இப்போது செலவைப் பார்ப்போம். அமெரிக்காவின் பெரிய திடல்களில் பயிற்சியாளர், குதிரையின் சொந்தக்காரரிடம் நாள் கணக்கில் கட்டணம் வாங்குகிறார். நாளுக்கு 100 டாலருக்கு மேல் என்பது இன்று சாதாரணம். 120 டாலர் என்று கொண்டால் ஆண்டுக்கு 43,800 டாலர். ஆட்களின் கூலி, தீனி, வைக்கோல் எல்லாம் இதில் அடங்கும், கூலியே பெரும்பங்கு. மருத்துவரின் கட்டணம், ஏறத்தாழ மாதம் ஒரு முறை லாடம் அடிக்கும் செலவு, வண்டிச் செலவு ஆகியவை தனி.

வரவு எப்படி? பரிசுத் தொகை 20,000 டாலர் உள்ள ஒரு சிறு பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் வரும் குதிரைக்கு 60 விழுக்காடு என்றால் 12,000 டாலர். அதில் பயிற்சியாளருக்குப் பத்தில் ஒரு பங்கு, ஜாக்கிக்குப் பத்தில் ஒரு பங்கு. மீதி 9,600 டாலர். ஆண்டுக்கு நான்கு முறை வென்றாலும் 38,400 டாலர்தான். நாள் கட்டணத்துக்கே போதவில்லை!

குதிரையின் விலையைக் கொண்டு எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 1975-ஆம் ஆண்டில் 17,500 டாலருக்கு வாங்கப்பட்ட சியாட்டில் ஸ்லூ, 1977-இல் கென்டக்கி டெர்பி உட்பட மூன்று பெரும் பந்தயங்களையும் வென்று மும்மகுடம் சூடியது. 2006-ஆம் ஆண்டில் 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு வாங்கப்பட்ட 'தி கிரீன் மங்கி' என்ற குதிரை மூன்றே முறை ஓடியது. ஒரு முறை கூட முதலில் வரவில்லை.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். காலில் சூடு தட்டிய குதிரைக்கு மூன்று மாத ஓய்வு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மேற்சொன்ன கட்டணத்தில் அந்த 90 நாளின் செலவு 10,800 டாலர். வரவு எதுவும் இல்லை. டெர்பியில் ஓடவோ மூன்று வயதில் ஒரே ஒரு வாய்ப்புத்தான். அடுத்த ஆண்டு என்பதே கிடையாது. பணம் 'விரைந்து ஓடு' என்கிறது. எலும்பு 'பொறுத்திரு' என்கிறது. பயிற்சியாளரின் திறமை முழுவதும், இவ்விரண்டில் எதற்குச் செவி கொடுக்கிறார் என்பதில் அடங்கியிருக்கிறது.

முறிந்த காலும் முயற்சிகளும்

குதிரையின் கால் முறிந்தால் நம்மைப் போலப் படுக்கையில் கிடந்து குணமாக முடியாது. 2006-ஆம் ஆண்டு டெர்பியை ஆறரைக் குதிரை நீளம் முந்தி வென்ற பார்பரோ, இரண்டு வாரம் கழித்து நடந்த அடுத்த பந்தயத்தின் தொடக்கத்திலேயே வலது பின்காலை முறித்துக்கொண்டது. நியூ போல்டன் நிலையத்தில் அறுவை செய்து எலும்பை உலோகத் தகட்டால் பிணைத்தார்கள். எலும்பு கூடிவந்தது. ஆனால் அந்தக் காலுக்கு ஓய்வு கொடுத்தபோது மற்றக் கால்கள் கூடுதல் எடையைச் சுமந்தன. அவற்றின் குளம்புக்குள் உள்ள மென்மையான திசு அடுக்கு சிதைந்தது. எட்டு மாதப் போராட்டத்துக்குப் பின் 2007 சனவரியில் அதைத் துன்பமின்றி இறக்கச் செய்ய வேண்டியதாயிற்று. பார்பரோ அவசரமாகப் பழக்கப்பட்ட குதிரை அன்று. எல்லா முறிவுக்கும் அவசரமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் முறிவு நேர்ந்தபின் மருத்துவம் எவ்வளவு கடினம் என்பதற்கு இது சான்று. அதனால்தான் முன்கூட்டியே அறிவது முதன்மையாகிறது.

2023-ஆம் ஆண்டு டெர்பி நாட்களை ஒட்டிச் சர்ச்சில் டவுன்ஸ் திடலில் 12 குதிரைகள் இறந்தன. சூன் மாதத்தில் பந்தயங்களை வேறு திடலுக்கு மாற்றினார்கள். விசாரணையில் தனியொரு காரணம் எதுவும் தென்படவில்லை. அதற்கு முன்பே, 2020-இல் அமெரிக்க அரசு குதிரைப் பந்தயப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது. பந்தயத்துக்கு முன் மருத்துவச் சோதனை, மருந்துக் கட்டுப்பாடு, காயங்களைப் பதிவு செய்தல் எல்லாம் கடுமையாயின. 2009-இல் ஆயிரம் ஓட்டத்துக்கு இரண்டு குதிரைகள் என்ற அளவில் இறப்பு இருந்தது. 2023-இல் அது 1.32. குறைந்திருக்கிறது, ஆனால் நின்றுவிடவில்லை.

கருவிகளும் வந்துள்ளன. கலிபோர்னியாவில் சான்டா அனிட்டா திடலில் 2019 முதல் ஒரு கதிரியக்கப் படக்கருவி இயங்குகிறது. சிறிதளவு கதிரியக்க ஃபுளூரினை இரத்தத்தில் செலுத்தினால், எலும்பில் பழுது பார்க்கும் வேலை மும்முரமாக நடக்கும் இடத்தில் அது சேரும். குதிரையை மயக்காமல் நிற்கவைத்தே அந்த இடத்தைப் படத்தில் காணலாம். சேணத்தில் பொருத்தும் முடுக்கமானிகள், குதிரையின் நடையில் கண்ணுக்குத் தெரியாத நொண்டலையும் காட்டிக்கொடுக்கின்றன. ஆயினும் விடியற்காலையில் குனிந்து காலைத் தடவிப் பார்க்கும் அந்தக் கைக்கு இன்றும் வேலை இருக்கிறது. நாள் தவறாமல் ஒவ்வொரு காலையும் சோதிப்பது அந்தக் கைதான்.

உங்களுக்கும் ஒரு பாடம்

இது குதிரைக்கு மட்டும் உரிய செய்தி அன்று. படையில் புதிதாகச் சேர்ந்து திடீரென்று நெடுந்தூரம் நடக்கும் இளைஞர்களுக்குப் பாத எலும்பில் விரிசல் விடுவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். பள்ளி விளையாட்டு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நாள்தோறும் மைதானத்தைப் பத்துச் சுற்றுச் சுற்றி ஓடத் தொடங்குவோர் உங்களிலும் இருப்பீர்கள். இரண்டாம் நாள் மூச்சு வாங்குவது குறையும். 'இனி எவ்வளவும் ஓடலாம்' என்று தோன்றும். அது இதயமும் தசையும் சொல்வது. எலும்பு இன்னும் முதல் பக்கத்தைத்தான் புரட்டியிருக்கும்! முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரே இடத்தில் தொடர்ந்து வலித்தால் ஓட்டத்தை நிறுத்தி ஆசிரியரிடம் சொல்லுங்கள். விழாவுக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். வாரா வாரம் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். இடையிடையே ஓய்வு கொடுங்கள். லாயத்துக் குதிரைக்காக அதன் காலைத் தொட்டுப் பார்க்க ஓர் ஆள் இருக்கிறார். உங்கள் காலுக்கு நீங்கள்தான் காவல்.